ஜெனரல் ஆளுநரானால் அது ராணுவ ஆட்சியா? ஓர் எளிய விளக்கம்

ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல் ஒருவரை ஏதோ ஒரு மாநிலத்துக்கு ஆளுநராக நியமித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், மதுரை டீக்கடைகளில் அன்று இரண்டு பேச்சுகளைக் கேட்கலாம். "அந்த மாநிலத்தில் இனி பட்டாளத்து ஆட்சிதான்" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்லை, கையெழுத்துப் போடுகிற பதவி, ஓய்வுக்காலத்துக்கு ஒரு பங்களா" என்பார் அடுத்தவர். முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி வி.கே. சிங் 2025 ஜனவரியில் மிசோரம் ஆளுநராகப் பொறுப்பேற்றபோதும் இதே இரண்டு கருத்துகள்தான் சுற்றி வந்தன.

இரண்டுமே தவறு. முதல் கருத்து ஆளுநருக்கு இல்லாத அதிகாரத்தை அவர் தலையில் ஏற்றுகிறது. இரண்டாவது கருத்து அவருக்கு உண்மையில் இருக்கும் அதிகாரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு ஜெனரலின் பெயர் வெறும் செய்தி அல்ல, சொந்த வீட்டு விஷயம் மாதிரி. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோ ஆளுநர் தொடர்பான பிரிவு எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த எண்கள் நடப்பில் எப்படி வேலை செய்கின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இரு தரப்பையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

மதுரைக்கு இந்தப் பயம் ஏன் இயல்பானது

தளபதி ஆளுநராக வருவதும், பிறகு அவர் யாருக்கும் கட்டுப்படாமல் போவதும் மதுரை வரலாற்றில் நடந்திருக்கிறது. மதுரை நாயக்கர் அரசைத் தொடங்கிய விசுவநாத நாயக்கர் விஜயநகரப் பேரரசின் தளபதி. 1529ஐ ஒட்டி, பேரரசின் சார்பில் மதுரையைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் வந்தார். அவருடைய வழிவந்தவர்கள் காலப்போக்கில் அரசர்களாகவே ஆண்டார்கள். 1736 வரை அந்த ஆட்சி நீடித்தது. மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டப வாசலில் குதிரை மேல் அமர்ந்த வீரன் ஒருவனின் சிலை இருக்கிறது. விசுவநாதரின் தளவாய் அரியநாத முதலியாரின் சிலை அது என்பார்கள். படையை நடத்தியவரும் அவரே, நாட்டைப் பாளையங்களாகப் பிரித்து நிர்வாகத்தை அமைத்தவரும் அவரே.

பதினெட்டாம் நூற்றாண்டில் இன்னொருவர் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத்தளபதி யூசுப் கான். மருதநாயகம் என்றும், கான்சாகிப் என்றும் மதுரைக்காரர்கள் சொல்வது இவரைத்தான். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகமும் வரிவசூலும் அவர் கையில் கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அவர் ஆற்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. கடைசியில் தன் ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

விசுவநாதரின் வழிவந்தவர்களிடமும் கான்சாகிபிடமும் பொதுவாக இருந்தவை இரண்டு: படை, வரிப்பணம். சம்பளம் கொடுக்கப் பணமும் உத்தரவுக்குக் கட்டுப்படும் வீரர்களும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் தலைமையிடத்தை அவர்களால் மீற முடிந்தது. இன்றைய ஆளுநரை எடைபோடவும் இதே அளவுகோல் போதும். அவரிடம் படை இருக்கிறதா? பணம் இருக்கிறதா? இரண்டும் இல்லை.

முதலில், ஜெனரல் ஆவது எப்படி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்பவர் லெப்டினன்ட் என்ற நிலையில் தொடங்கி கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் என்று ஏறுகிறார். முழு ஜெனரல் என்ற நிலையைப் பெரும்பாலும் ராணுவத் தலைமைத் தளபதிதான் அடைகிறார். கர்னல் நிலையில் இருப்பவர் சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியனை நடத்துவார். மேஜர் ஜெனரல் பல ஆயிரம் பேர் கொண்ட டிவிஷனை நடத்துவார். மேலே போகப் போகத் துப்பாக்கியைவிடக் கோப்புகள் அதிகமாகும். பணம் ஒதுக்குவது, சாலை போடுவது, மாநில அரசுகளோடு பேசுவது, அமைச்சகத்துக்குக் குறிப்பு எழுதுவது என்று வேலையின் தன்மையே மாறும். முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகள் இப்படி வேலை பார்த்தவருக்கு நிர்வாகம் புதிதாக இருக்காது. ஆளுநர் பதவிக்கு ஜெனரல்களை அரசுகள் தேடிப்போவதற்கு இது ஒரு காரணம்.

லெப்டினன்ட் ஜெனரல் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். தலைமைத் தளபதிக்கு 62 வயது அல்லது மூன்று ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அது. ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் ஒரு சிப்பாய்க்குக்கூட உத்தரவிடும் உரிமை அவருக்கு இருக்காது. பெயருக்கு முன்னால் 'ஜெனரல்' என்பது மரியாதையாகத் தொடரும், கட்டளை தொடராது.

ஆளுநரின் இடம்: ஊர்த் திருவிழாவும் முதல் மரியாதையும்

நம் ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்குபவர் ஒருவர். வீட்டுவீட்டுக்கு வரி வசூலித்து, பந்தல் போட்டு, மேளக்காரரை அமர்த்தி, கணக்கு ஒப்படைக்கும் விழாக் கமிட்டி வேறு. எந்த மேளம், எவ்வளவு செலவு, எந்த நாளில் பூக்குழி என்பதையெல்லாம் கமிட்டி முடிவு செய்யும். ஆனால் அறிவிப்பு முதல் மரியாதைக்காரரின் பெயரில்தான் வரும். "இது எனக்குப் பிடிக்கவில்லை, வேறு மேளம் வையுங்கள்" என்று அவர் தன்னிச்சையாக மாற்ற முடியாது. யோசனை சொல்லலாம், கேள்வி கேட்கலாம்.

ஒருநாள் கமிட்டிக்குள்ளேயே சண்டை வந்து இரண்டாக உடைந்துபோனால்? யாரிடம் சாவியைக் கொடுப்பது என்று ஊர் அப்போது அவர் முகத்தைப் பார்க்கும். அதுவரை மாலையோடு நின்றவர் சொல்லும் சொல்லுக்கு அன்று எடை கூடிவிடும்.

மாநில ஆளுநரின் நிலை ஏறக்குறைய இதுதான். ஓர் ஒப்புமையை எவ்வளவு தூரம் நீட்டலாமோ அவ்வளவுதான் நீட்ட முடியும் என்பதால், இனி அரசமைப்புச் சட்டத்துக்குள் போவோம்.

சட்டம் சொல்வது

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆளுநர் என்பது 153ஆவது பிரிவு. ஒருவரே இரண்டு மூன்று மாநிலங்களுக்கும் ஆளுநராக இருக்கலாம் என்று 1956இல் ஒரு திருத்தம் வந்தது. அவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர், அதாவது நடைமுறையில் மத்திய அரசு. தகுதிகள் இரண்டே: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். ராணுவத்தில் இருந்தவர், நீதிபதியாக இருந்தவர், அரசியல்வாதி, பேராசிரியர் என்று எந்தப் பிரிவினருக்கும் ஒதுக்கீடு கிடையாது. தலைமைத் தளபதியாக ஓய்வு பெற்றால் ஆளுநர் பதவி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். ஆனால் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரைதான் அவர் நீடிக்க முடியும். காரணமே இல்லாமல் மனம்போனபடி நீக்கக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருந்தும், மத்தியில் ஆட்சி மாறும்போது ஆளுநர்கள் மாறுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மையமான பிரிவு 163. முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவையின் உதவியோடும் ஆலோசனையோடும் ஆளுநர் செயல்பட வேண்டும் என்கிறது அது. இங்கே 'ஆலோசனை' என்பது கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம் என்ற வகை அல்ல. ஒரு சில இடங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று 1974இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் பேரறிவாளன் வழக்கில் கண்ணால் பார்த்தோம். அவரை விடுவிக்கலாம் என்று 2018இல் மாநில அமைச்சரவை பரிந்துரைத்தது, ஆளுநர் தரப்பில் முடிவு வரவில்லை. அந்தப் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது.

அந்த 'ஒரு சில இடங்கள்' எவை? ஆளுநர் தன் சொந்த முடிவில் செயல்படக்கூடிய இடங்களைத் தன்விருப்ப அதிகாரம் என்பார்கள். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது யாரை முதலில் அழைப்பது, பதவியில் உள்ள முதலமைச்சர் பெரும்பான்மை இழந்துவிட்டதாகத் தெரியும்போது என்ன செய்வது, சட்டசபை நிறைவேற்றிய மசோதா ஒன்றைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கி வைப்பது, மாநிலத்தில் அரசமைப்பின்படி ஆட்சி நடத்த முடியவில்லை என்று 356ஆவது பிரிவின்கீழ் அறிக்கை அனுப்புவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பண விஷயத்தில் அவருக்குத் தன்விருப்பம் இல்லை. ஒவ்வொரு ரூபாயும் சட்டசபையின் ஒப்புதலோடுதான் வெளியே போகும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அமைச்சரவை இருக்கும் வரை ஆளுநர் அதன் சொல்படி நடக்க வேண்டியவர். அமைச்சரவை உடையும்போது அல்லது இல்லாமல் போகும்போது அவருடைய எடை கூடுகிறது. அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்பதற்காக இந்த விதிகளில் ஒரு எழுத்தும் மாறாது.

படை யாரிடம் இருக்கிறது

முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. 53ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் மத்திய அமைச்சரவைக்கும் கட்டுப்பட்டது. மாநில ஆளுநர் அந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் இல்லை. அவர் நேற்றுவரை தலைமைத் தளபதியாக இருந்திருந்தாலும் இதுதான் நிலை.

ஆளுநருக்குப் பின்னால் சீருடையில், தோளில் பின்னிய பொன்னிறக் கயிறு தொங்க, விறைப்பாக நிற்கும் இளம் அதிகாரியைப் பலரும் படங்களில் பார்த்திருப்பார்கள். அவர் ஏ.டி.சி. எனப்படும் உதவி அதிகாரி. பொதுவாக ஒருவர் முப்படைகளில் ஒன்றிலிருந்தும், மற்றொருவர் மாநிலக் காவல்துறையிலிருந்தும் வருவார்கள். நிகழ்ச்சி நிரலைக் கவனிப்பதும் விருந்தினரை அழைத்து வருவதும் அவர்களுடைய வேலை. ஆசிரியராக இருந்து ஆளுநரானவருக்குப் பின்னாலும் அவர்கள் இதேபோல்தான் நிற்பார்கள். ஆளுநரே ஜெனரலாக இருக்கும்போது, அந்தச் சீருடையையும் சேர்த்துப் பார்த்து ராணுவம் வந்துவிட்டது என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

பெரிய கலவரம் வந்தால் ராணுவத்தை யார் கூப்பிடுவது? இதுதான் நான் சொல்லும்போது பலரும் நம்ப மறுக்கும் இடம். சட்டவிரோதக் கூட்டத்தை வேறு வழியில் கலைக்க முடியாதபோது ராணுவத்தின் உதவியைக் கேட்கும் அதிகாரம் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது ஆட்சியருக்கு இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் தொடர்கிறது. மதுரையில் அப்படி ஒரு நிலை வந்தால் அந்தக் கடிதம் ஆட்சியர் அலுவலகத்திலிருந்துதான் போகும். சென்னை ஆளுநர் மாளிகையிலிருந்து அல்ல.

'ராணுவ ஆளுநர்' என்பவர் வேறு

குழப்பம் இன்னொரு வாசல் வழியாகவும் வருகிறது. சுதந்திர இந்தியாவில் உண்மையிலேயே ராணுவ ஆளுநர்கள் இருந்திருக்கிறார்கள். 1948 செப்டம்பரில் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் இந்தியப் படை நுழைந்த பிறகு, அந்தப் படையெடுப்பை நடத்திய மேஜர் ஜெனரல் ஜே.என். சவுத்ரி அங்கே ராணுவ ஆளுநரானார். 1949 இறுதிவரை நிர்வாகம் அவர் கையில் இருந்தது. 1961 டிசம்பரில் கோவா போர்ச்சுகீசியரிடமிருந்து மீட்கப்பட்டதும் மேஜர் ஜெனரல் கே.பி. கண்டேத் சில மாதங்கள் அதே பொறுப்பில் இருந்தார். இருவருமே அப்போது பணியில் இருந்த அதிகாரிகள். சீருடையோடும் படையோடும், சிவில் அரசு அமையும்வரை இடைக்கால ஏற்பாடாக ஆண்டவர்கள். இன்றைய ஜெனரல் ஆளுநர்கள் அந்த வரிசையில் வருபவர்கள் அல்ல.

நம் மாகாணத்துக்கும் ஒரு ஜெனரல் ஆளுநராக இருந்திருக்கிறார். சென்னை மாகாணத்தின் கடைசி ஆங்கிலேய ஆளுநர் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்ச்சிபால்ட் நை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத் தலைமையகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். 1946இல் வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் 1948 வரை பதவியில் நீடித்தார். அப்போது ஆட்சி நடத்தியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் தலைவர்களான பிரகாசமும், அவருக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும்தான். பக்கத்துப் புதுச்சேரியில் லெப்டினன்ட் ஜெனரல் எம்.எம். லகேரா 2004 முதல் 2006 வரை துணைநிலை ஆளுநராக இருந்தார். யூனியன் பிரதேசத்துத் துணைநிலை ஆளுநரின் அதிகாரக் கணக்கு வேறு, மத்திய அரசின் பிடி அங்கே கூடுதல். அதையும் மாநில ஆளுநரையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

ஏன் எல்லை மாநிலங்களுக்கே அனுப்புகிறார்கள்

ஜெனரல்கள் ஆளுநராகப் போன ஊர்களைப் பாருங்கள்: நாகாலாந்து, மணிப்பூர், அசாம், அருணாசலப் பிரதேசம், மிசோரம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட். அநேகமாக எல்லாமே நாட்டின் எல்லைக்கோட்டில் இருப்பவை. அங்கே ராணுவம் அன்றாட வாழ்க்கையின் பகுதி. சாலை, பாலம், மருத்துவ முகாம் என்று எதை எடுத்தாலும் ராணுவத்தோடு பேச வேண்டியிருக்கும். அந்த மலைகளில் பணியாற்றியவருக்கு அந்த மொழி தெரியும், மக்களையும் ஓரளவு தெரிந்திருக்கும்.

இதைவிட முக்கியமான சட்டக் காரணம் ஒன்று இருக்கிறது. இதை டீக்கடைப் பேச்சில் நான் கேட்டதே இல்லை. 371ஏ பிரிவு நாகாலாந்து ஆளுநருக்கும், 371எச் பிரிவு அருணாசலப் பிரதேச ஆளுநருக்கும் சட்டம் ஒழுங்கில் தனிப்பொறுப்புத் தருகின்றன. அந்த விஷயத்தில் அவர் அமைச்சரவையைக் கலந்து பேச வேண்டும். பேசிய பிறகு தன் சொந்த முடிவின்படி செயல்படலாம். தமிழ்நாட்டு ஆளுநருக்கோ கேரள ஆளுநருக்கோ இந்தப் பிரிவுகள் பொருந்தாது. 'வெறும் கையெழுத்துப் பதவி' என்ற பேச்சு இந்த இரண்டு மாநிலங்களில் எடுபடாததற்கு இதுவே காரணம்.

அருணாசலத்தையே எடுத்துக்கொள்வோம். தலைமைத் தளபதியாக இருந்து 2007 செப்டம்பரில் ஓய்வுபெற்ற ஜெனரல் ஜே.ஜே. சிங், 2008 ஜனவரியில் அங்கே ஆளுநரானார். 2011 ஏப்ரல் 30 அன்று முதலமைச்சர் தோர்ஜி காண்டு ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். சீன எல்லையை ஒட்டிய மாநிலம், தலைமை திடீரென்று காலி, ஆளுநரோ முன்னாள் தலைமைத் தளபதி. 'ராணுவ ஆட்சி' என்று பயப்படுபவர்கள் கற்பனை செய்யும் எல்லாச் சூழலும் அங்கே இருந்தது. நடந்தது என்ன? ஆளும் கட்சி ஜார்பம் காம்லினைத் தேர்ந்தெடுத்தது, மே மாதத் தொடக்கத்தில் ஆளுநர் அவருக்குப் பதவிப்பிரமாணம் செய்து வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் காம்லினுக்குப் பதிலாக நபம் துகி வந்தபோதும் அதுதான் நடந்தது.

ஒரே மனிதர், இரண்டு விதமான ஆளுநர்: கிருஷ்ணா ராவ்

இந்தப் பதவியைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் போதும் என்றால், நான் ஜெனரல் கே.வி. கிருஷ்ணா ராவைத்தான் சொல்வேன். ஆந்திரத்துக்காரர். 1942இல் மகர் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 1971 போரில் கிழக்குப் பகுதியில், சில்ஹெட் பக்கம், ஒரு மலை டிவிஷனை நடத்தினார். 1981 முதல் 1983 வரை தலைமைத் தளபதி. ஓய்வுபெற்று ஓராண்டு ஆவதற்குள், 1984இல் நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா மூன்றுக்கும் சேர்த்து ஆளுநரானார். 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயன் இங்கே தெரிகிறது. 1989இல் ஜம்மு காஷ்மீருக்கு மாற்றப்பட்டார். தீவிரவாதம் வெடித்துக் கிளம்பிய அந்த நேரத்தில் ஃபரூக் அப்துல்லாவின் அரசு இருந்தது. 1990 ஜனவரியில் கிருஷ்ணா ராவ் விலக, ஜக்மோகன் ஆளுநரானார். ஃபரூக் ராஜினாமா செய்தார். மாநிலம் மத்திய ஆட்சிக்குப் போனது.

1993 மார்ச்சில் கிருஷ்ணா ராவை மறுபடி அங்கே அனுப்பினார்கள். இந்த முறை சட்டசபை இல்லை, முதலமைச்சர் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி என்பது இதுதான்: மாநில அமைச்சரவையின் இடத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டு, ஆளுநர் வழியாக நிர்வாகம் நடத்துவது. ஆலோசகர்களை வைத்துக்கொண்டு மருத்துவமனை முதல் ரேஷன் வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. 1993 அக்டோபரில் ஹஸ்ரத்பால் தர்காவுக்குள் தீவிரவாதிகள் புகுந்தார்கள். படைகள் தர்காவைச் சுற்றிவளைத்து வாரக்கணக்கில் காத்திருந்து, உள்ளே நுழையாமலேயே நவம்பரில் அதை முடித்தன. 1995 ஜனவரி 26 அன்று ஜம்முவில் குடியரசு தின மேடையில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது மைதானத்தில் குண்டுகள் வெடித்தன. பலர் இறந்தார்கள், அவர் உயிர் தப்பினார். அதே ஆண்டு மே மாதம் சரார் இ ஷரீப் தர்கா தீயில் அழிந்தது. அதற்கான கேள்விகளும் அவரையும் மத்திய அரசையும் நோக்கித்தான் வந்தன.

1996இல் தேர்தல் நடந்தது. அக்டோபரில் ஃபரூக் அப்துல்லா மீண்டும் முதலமைச்சரானார். அன்றோடு கிருஷ்ணா ராவின் வேலையே மாறியது. அதே மாளிகை, அதே நாற்காலி, அதே ஜெனரல். 1998 வரை பதவியில் நீடித்தார், ஆனால் அமைச்சரவையின் ஆலோசனைப்படி கையெழுத்திடும் ஆளுநராக. அவருடைய அதிகாரத்தை ஏற்றியதும் இறக்கியதும் சட்டசபை இருந்ததா இல்லையா என்ற ஒன்றுதான். படைத்தலைவராக இருந்த பழைய வாழ்க்கை இதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டாக்காவில் 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப்புக்கும் இந்த அனுபவம் உண்டு. 1998இல் கோவா ஆளுநரானார். 1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி, அந்தச் சில மாதங்கள் நிர்வாகம் அவர் கையில். தேர்தல் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பினார். பிறகு பஞ்சாப் ஆளுநரானார்.

அரசமைப்புக்கு வெளியே ஒரு வழி

ஆளுநர் மாநிலத்தில் பாதிப்பை உண்டாக்க இன்னொரு வழியும் இருக்கிறது. அது நமக்கு நன்றாகத் தெரிந்த வழி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் வேந்தராக வருகிறார். அந்தப் பொறுப்பை அவருக்குத் தந்தது அரசமைப்பு அல்ல, பல்கலைக்கழகத்துக்கென மாநிலச் சட்டசபை இயற்றிய சட்டம். இப்படிச் சாதாரணச் சட்டங்களால் பதவிவழி வந்து சேரும் பொறுப்புகள் பல.

லெப்டினன்ட் ஜெனரல் எஸ்.கே. சின்ஹாவின் கதையில் இது பெரிதாக வருகிறது. கிருஷ்ணா ராவுக்கு அடுத்து தலைமைத் தளபதியாவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் அவர். 1983இல் அவரைத் தாண்டி ஏ.எஸ். வைத்யாவுக்குப் பதவி கொடுக்கப்பட்டதும், ராணுவத்தைவிட்டே விலகினார். நேபாளத் தூதராகவும், 1997 முதல் அசாம் ஆளுநராகவும் இருந்தார். சட்டவிரோதக் குடியேற்றம் பற்றி 1998இல் குடியரசுத் தலைவருக்கு அவர் அனுப்பிய அறிக்கையை 2005இல் உச்ச நீதிமன்றமே மேற்கோள் காட்டியது. 2003இல் ஜம்மு காஷ்மீர் ஆளுநரானார். அமர்நாத் கோயில் வாரியத்தின் தலைவர் பொறுப்பும் பதவிவழி அவரிடம் வந்தது. அந்த வாரியத்துக்குக் காட்டு நிலம் ஒதுக்கும் முடிவு 2008இல் பெரும் போராட்டமாக வெடித்தது. கூட்டணியிலிருந்து ஒரு கட்சி விலகியது, குலாம் நபி ஆசாத்தின் அரசு விழுந்தது. ராணுவமோ தன்விருப்ப அதிகாரமோ இதைத் தொடங்கவில்லை. ஒரு வாரியத்தின் நிலக் கோரிக்கையில் தொடங்கியது.

கடைசி மூன்று பகுதிகளின் சாரம்: ஆளுநரின் உண்மையான செல்வாக்கை அளக்க மூன்றைப் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்துக்குத் தனிப்பிரிவு இருக்கிறதா, அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இயங்குகிறதா, வேறு சட்டங்கள் அவருக்கு என்ன பொறுப்புகளைத் தந்திருக்கின்றன.

நான் கவலைப்படும் இடம்

ராணுவ ஆட்சி வந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. என் கவலை ஓய்வுக்கும் நியமனத்துக்கும் இடையே உள்ள காலத்தைப் பற்றியது. ஜேக்கப் 1978இல் ஓய்வுபெற்றார், இருபது ஆண்டுகள் கழித்தே ஆளுநரானார். இன்று அருணாசலத்தில் ஆளுநராக இருக்கும் லெப்டினன்ட் ஜெனரல் கே.டி. பர்நாயக் 2013இல் ஓய்வுபெற்று 2023இல் நியமிக்கப்பட்டார். கிருஷ்ணா ராவுக்கு ஓராண்டுகூட இல்லை, ஜே.ஜே. சிங்குக்கு நான்கே மாதங்கள். இத்தனை காலம் இடைவெளி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இவர்களில் யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பணியில் இருக்கும் ஒரு தலைமைத் தளபதி, அரசுக்குப் பிடிக்காத ஓர் உண்மையை மேசையில் வைக்க வேண்டிய நாள் வரும். நாலு மாதத்தில் ஆளுநர் மாளிகை கிடைக்கலாம் என்ற எண்ணம் அவர் மனத்தின் ஓரத்தில்கூட இருக்கக்கூடாது. மாநிலங்களுக்கும் மத்திக்கும் இடையிலான உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம், அண்மைக்கால அரசியலில் அதிகம் ஈடுபட்டவரை ஆளுநராக்க வேண்டாம் என்று 1988இல் சொன்னது. சீருடையைக் கழற்றியவருக்கும் அதேபோல் ஓர் இடைவெளி, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது, சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

வி.கே. சிங்கின் பாதை இதற்கும் வேறு. 2012இல் ஓய்வு, 2014இல் காசியாபாத் மக்களவை உறுப்பினர், பத்தாண்டு மத்திய இணை அமைச்சர், அதன்பிறகு மிசோரம். அவரை ஆளுநராக்கியது ராணுவ அனுபவமா, அரசியல் அனுபவமா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். அவரை எடைபோட விரும்புபவர்கள் அவருடைய படைப்பிரிவை ஆராய்வதைவிட, மிசோரம் சட்டசபை நிறைவேற்றும் மசோதாக்களில் எத்தனைக்கு, எவ்வளவு காலத்தில் ஒப்புதல் தருகிறார் என்று பார்க்கலாம்.